எட்டு எழுத்துக்கு இடம்

12.1.2011

அன்புள்ள வீட்டம்மாவுக்கு,

எட்டு வருஷமாக இந்த வீட்டில் இல்லாதவளை வீட்டம்மா என்று எழுதலாமா என்று அரை மணி நேரம் பேனாவைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். வேறு எப்படிக் கூப்பிடுவது என்று தெரியவில்லை. பேர் சொல்லிக் கூப்பிட்டுப் பழக்கமும் இல்லை. போன் செய்தால் நீ எடுப்பதில்லை. "லெட்டர் போடுங்கப்பா, அம்மா படிச்சுட்டுதான் கிழிப்பாங்க" என்று நம் மகள்தான் சொன்னாள்.

நான் இருக்கிறேன். முழங்கால் மட்டும் படியேறும்போது பேசுகிறது. லிஃப்ட் கம்பெனி முதலாளி படியேறி வருகிறாரே என்று ஆபீஸில் கேலி வேறு.

விஷயத்துக்கு வருகிறேன். நம் லிஃப்ட் எல்லாவற்றிலும் கண்ட்ரோல் போர்டு நடுவில் உட்கார்ந்திருக்குமே, இருபது கால் சிப், அதை இனிமேல் செய்யப்போவதில்லை என்று தயாரிப்பாளர்கள் கைவிரித்துவிட்டார்கள். நீ போகும்போது எழுதி அடுக்கி வைத்துவிட்டுப் போன முந்நூறில் மிச்சம் ஒன்றே ஒன்று. புதுச் சிப்புக்கு மாறியே ஆகவேண்டும். அதற்கு உள்ளே நீ எழுதிய சமன்பாடுகள் வேண்டும். எந்தப் பட்டனை அமுக்கினால் லிஃப்ட் எங்கே போகணும், கதவு எப்போது திறக்கணும் என்று எல்லாம் அந்தப் பச்சை நோட்டில் இருந்தது. நோட்டு உன்னிடம்தானே இருக்கிறது? ஒரு பிரதி எடுத்து அனுப்பினால் போதும். இருநூற்றுச் சொச்சம் லிஃப்ட், நான்தான் பதில் சொல்லியாக வேண்டும்.

நேற்று சாயங்காலம் யாரோ கதவைத் தட்டினார்கள். "யாரு?" என்றேன். "நான்தான்" என்று ஒரு பெண்குரல். எழுந்து ஓடினேன், முழங்காலையும் மறந்து. பக்கத்து வீட்டம்மா, ஏணி கேட்டு வந்திருக்கிறார். கை நிறைய போர்டோடு வந்து காலால் கதவைத் தட்டிவிட்டு நீ அப்படித்தான் சொல்வாய். "எந்த நான்தான்?" என்று நான் கேட்பேன். உனக்குக் கோபம் வரும்.

பதில் போடு.

உன்
வீட்டுக்காரன்


20.1.2011

மரியாதைக்குரிய கம்பெனி முதலாளிக்கு,

கிழிக்கவில்லை. மகள் சொன்னது சரிதான், படித்துவிட்டேன். இரண்டு தரம்.

பச்சை நோட்டு என்னிடம் இருக்கிறது. பத்திரமாக இருக்கிறது. தரமாட்டேன். நீங்கள் தலைகீழாக நின்றாலும் தரமாட்டேன்.

ஏன் என்று கேட்கமாட்டீர்கள். உங்களுக்குத் தெரியும். தெரியாத மாதிரி இருக்கத் தெரியும் என்பதால் நானே சொல்கிறேன். லிஃப்ட் கம்பெனிகள் சங்கத்து விழாவில் சிறந்த வடிவமைப்பாளர் என்று உங்களுக்குக் கேடயம் கொடுத்தார்கள். மூன்றாவது வரிசையில் நான். மேடையில் மைக்கைப் பிடித்துக்கொண்டு என்ன சொன்னீர்கள்? "எல்லாம் என் ஒருத்தன் மூளைதாங்க. வீட்டுக்காரி கூடமாட ஒத்தாசை பண்ணுவா." எல்லோரும் கை தட்டினார்கள். பக்கத்து நாற்காலிப் பெண்மணி என் கையைப் பிடித்து, "குடுத்து வெச்சவங்க நீங்க" என்றார். குடுத்து வைத்தது உண்மைதான். பதினெட்டு வருஷ வேலையைக் குடுத்து வைத்தேன்.

கூடமாட ஒத்தாசை செய்தவளிடம் சமன்பாடு எதற்குக் கேட்கிறீர்கள்? உங்கள் ஒருத்தர் மூளையிலிருந்து எடுத்துக்கொள்ளுங்கள்.

மறந்திருந்தால் ஞாபகப்படுத்துகிறேன். நாம் ஆரம்பித்தபோது மொட்டைமாடி மெஷின் ரூமில் பீரோ அளவுக்கு ரிலே சுவிட்ச். டக் டக்கென்று அடித்துக்கொண்டே இருக்கும். அதை நாற்பத்து மூன்று சின்ன சிப்புகளாக மாற்றியது யார்? வாடிக்கையாளர் ஒரு விதி மாற்றினால் போர்டில் கோடு வெட்டி, நீல வயர் பற்றவைத்து, போர்டே சிக்கெடுக்காத தலை மாதிரி ஆகும். பிறகு உள்ளே ஃப்யூஸ் வைத்த சிப் வந்தது. வேண்டாத ஃப்யூஸை எரித்தால், மிஞ்சியதுதான் நாம் எழுதிய விதி. ஒன்று தப்பாக எரிந்தால் போச்சு, திரும்ப ஒட்டாது. பதினோரு சிப்பைப் பாழாக்கிவிட்டு பன்னிரண்டாவதில் லிஃப்டை ஓட வைத்தேன். அப்புறம் முதுகில் கண்ணாடி ஜன்னல் வைத்த சிப், ஊதா வெளிச்சத்தில் இருபது நிமிஷம் குளிக்க வைத்தால் எழுதினது அழியும். ஜன்னல் மேல் ஒட்டியிருந்த ஸ்டிக்கரை "அசிங்கமா இருக்கு" என்று நீங்கள் உரித்துப் போட்டு, மெஷின் ரூம் வெயிலில் ஆறு மாதத்தில் மூன்று லிஃப்டுக்கு மறதி வந்ததே! கடைசியாக இந்த இருபது கால். மின்சாரத்திலேயே அழித்து மின்சாரத்திலேயே எழுதலாம். அன்று நான் ஆபீஸ் மேஜையைச் சுற்றிச் சுற்றி வந்தேன்.

மனிதர் பேச்சு மட்டும் இன்னும் அந்தப் பழைய ஃப்யூஸ் சிப்தான். ஒருமுறை எரித்தால் எரித்தது.

நலமாக இருக்கிறேன். சைக்கிள் கடை மாடியில் ஓர் அறை. பருத்தி மில்லுக்கும் அச்சகத்துக்கும் போர்டு வரைந்து தருகிறேன். வடிவமைத்தவர் என்ற கட்டத்தில் என் பேர்தான் இருக்கும்.

முழங்காலுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடுங்கள்.

இப்படிக்கு,
ஒத்தாசைக்காரி


9.2.2011

அன்புள்ள கோபக்காரிக்கு,

ஒத்தடம் கொடுத்தேன். தேவலை.

மேடையில் ஏதோ வாய்க்கு வந்ததைச் சொன்னேன். அதற்கு எட்டு வருஷமா? ஊரில் எந்தப் புருஷன் மேடையேறி ஒழுங்காகப் பேசியிருக்கிறான்? சரி, அது கிடக்கட்டும்.

உன்னைத் தொந்தரவு செய்யவேண்டாம் என்று வெளியிலிருந்து ஒரு நிபுணரைப் பிடித்தேன். தங்க ஃப்ரேம் கண்ணாடி, பேசினால் பாதி புரியாது. மிச்சமிருந்த ஒரு சிப்பைக் கொடுத்தேன். படிக்கும் கருவியில் செருகிப் பார்த்தார். "பூட்டு போட்டிருக்காங்க சார். உள்ள ஒண்ணும் காட்டமாட்டேங்குது. நாந்தன்னு கம்பெனி பேர் மாதிரி ஏதோ ஒண்ணு வருது, மத்தபடி காலி" என்றார். சரி, வெளியிலிருந்தே கண்டுபிடிக்கலாம் என்று ஒவ்வொரு பட்டனாக மாற்றி மாற்றி அமுக்கி, என்ன வருகிறது என்று அட்டவணை போட்டார். மூன்றாம் நாள் வந்து, "சிப்பே கெட்டுப்போச்சு சார். ஒரே கேள்விக்கு ரெண்டு பதில் சொல்லுது" என்றார். வெளியே எடுக்கும்போது ஒரு காலையும் ஒடித்துவிட்டார். எப்படியோ புதுச் சிப்பில் ஒரு நகல் செய்தார்.

அந்த நேரம் பார்த்து ஆஸ்பத்திரி லிஃப்ட் போர்டு போய்விட்டது. ஸ்ட்ரெச்சர் போகிற பெரிய லிஃப்ட். வேறு வழியில்லாமல் நகலைப் போட்டோம். இரண்டு நாள் ஓடியது. போன வியாழன், மூன்றாவது மாடியிலும் நாலாவது மாடியிலும் ஒரே சமயத்தில் பட்டனை அமுக்கிவிட்டார்கள். லிஃப்ட் கொஞ்சம் ஏறியது, கொஞ்சம் இறங்கியது, மறுபடி ஏறியது. உள்ளே ஆபரேஷன் முடிந்த ஒருவர், ஒரு நர்ஸ். இருபது நிமிஷம். பிறகு கையால் சுழற்றி இறக்கினோம். அவருக்கு ஒன்றும் ஆகவில்லை. நர்ஸ் என்னைப் பார்த்த பார்வையை மட்டும் மறக்க முடியவில்லை. இப்போது ஸ்ட்ரெச்சரை நாலு பேர் படியில் தூக்குகிறார்கள்.

என்மேல் கோபம் என்றால் என்மேல் காட்டு. நோயாளிகள் உனக்கு என்ன செய்தார்கள்? நோட்டை அனுப்பு.

உன்
வீட்டுக்காரன்


13.2.2011

முதலாளிக்கு,

உங்கள் கடிதம் வந்த அன்றே ஆஸ்பத்திரிக்குப் போனேன். ஸ்ட்ரெச்சர் தூக்குகிறவர் ஒருவர் படித் திருப்பத்தில் உட்கார்ந்து தோளைப் பிடித்துக்கொண்டிருந்தார். அவரைத் தாண்டி மொட்டைமாடிக்குப் போய் மெஷின் ரூமைத் திறக்கச் சொன்னேன். லிஃப்ட் ஆபரேட்டர் தயங்கினார். "கம்பெனி ஆளா நீங்க?" என்றார். "கம்பெனிக்கு முந்தின ஆள்" என்றேன்.

என்னிடம் பழைய சிப் பன்னிரண்டு இருந்தது. பழைய போர்டில் கருகியிருந்ததை மாற்றி, சிப்பைப் போட்டு, உங்கள் நிபுணரின் நகலைக் கழற்றி பையில் போட்டுக்கொண்டேன். நாற்பது தரம் ஏற்றி இறக்கினேன். மூன்றையும் நாலையும் சேர்த்து அமுக்கியும் பார்த்தாயிற்று. ஓடுகிறது. பராமரிப்பு நோட்டில் கையெழுத்துப் போட்டேன். பொறுப்பு என்ற இடத்தில் 'வடிவமைத்தவர்' என்று எழுதினேன்.

ஆக நோயாளிகளை இடையில் நிறுத்திப் பேசும் வேலை இனி வேண்டாம். அது உங்களுக்கும் எனக்கும் நடுவிலுள்ள வழக்கு, அவர்களுக்கு இல்லை.

சிப் கெட்டுப்போகவில்லை. அதற்கு ஞாபகம் இருக்கிறது. மேலே போய்க்கொண்டிருந்தோமா, கீழே வந்துகொண்டிருந்தோமா என்று நினைவில் வைத்துக்கொண்டுதான் பதில் சொல்லும். அதனால் ஒரே கேள்வியை இரண்டாவது தரம் கேட்டால் பதில் மாறும். அது தெரியாமல் நகல் எடுத்தால் நடுவழியில் நின்று திருதிருவென்று முழிக்கும். நானும் அதே ரகம்தான். 'அது கிடக்கட்டும்' என்று நீங்கள் எழுதினால் எனக்குக் கிடக்காது.

நாந்தன் என்று ஒரு கம்பெனி! அதைப் படித்துவிட்டு வாய்விட்டுச் சிரித்தேன். கீழே சைக்கிள் கடைக்காரர், "என்னம்மா ஆச்சு?" என்று மாடியேறி வந்துவிட்டார். ஏன் சிரித்தேன் என்று உங்களிடம் சொல்லமாட்டேன்.

இப்படிக்கு,
வடிவமைத்தவர்


24.2.2011

அம்மணிக்கு,

இந்தக் கடிதத்தை வக்கீல் ஆபீஸில் உட்கார்ந்து எழுதுகிறேன். வீட்டம்மா, கோபக்காரி என்றெல்லாம் எழுதவேண்டாம் என்று வக்கீல் சொல்கிறார்.

எங்கள் கம்பெனி பராமரிக்கும் லிஃப்டை எங்கள் அனுமதி இல்லாமல் திறந்தது தப்பு. அதைவிடப் பெரிய தப்பு, வடிவமைத்தவர் என்று கையெழுத்துப் போட்டது. ஆஸ்பத்திரி நிர்வாகி என்னைக் கூப்பிட்டு, "அப்ப கேடயம் வாங்கினது யாரு சார்?" என்று கேட்கிறார். எனக்கு எப்படி இருந்திருக்கும்? சங்கத்தில் எல்லோருக்கும் விஷயம் போய்விட்டது. அடுத்த வருஷம் தலைவர் பதவிக்கு என் பேர் இருக்கிறது.

வரைபடம் எல்லாவற்றிலும் என் பேர்தான். பிரசுரத்தில் என் பேர். நீ வடிவமைத்தாய் என்பதற்கு எழுத்தில் ஒரு சான்று காட்டு. பச்சை நோட்டு செல்லாது, நேற்று எழுதினது என்று சொல்லிவிடலாம் என்கிறார் வக்கீல். சான்று இல்லையென்றால் ஆஸ்பத்திரிக்கு மன்னிப்புக் கடிதம் கொடு. பதினைந்து நாள் அவகாசம்.

இதை எழுதும்போது எனக்கே நன்றாக இல்லை. ஆனால் நீதான் இந்த அளவுக்குக் கொண்டுவந்தாய்.

இப்படிக்கு,
நிர்வாக இயக்குநர்


1.3.2011

நிர்வாக இயக்குநருக்கு,

பதினைந்து நாள் எதற்கு, பதினைந்து நிமிஷம் போதும்.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கலாம். ஆனால் சாப்பிட உட்காருகிறவர் ஒருநாள் கரண்டியை விடுவார். உங்கள் பிரசுரத்தைத் தினமும் படித்துப் படித்து நீங்களே நம்பிவிட்டீர்கள். இப்போது வருகிற புதுச் சிப்புகளும் அப்படித்தான். கரண்ட் போனால் எல்லாம் மறந்துவிடும். மறுபடி கரண்ட் வந்ததும், தான் யார் என்று பக்கத்தில் இருக்கும் சின்ன மெமரியைப் படித்துத் தெரிந்துகொள்ளும். மெமரியில் என்ன பொய் இருந்தாலும் அதுவாகவே ஆகிவிடும்.

இருபது கால் சிப் அப்படியில்லை. அதில் பூட்டு ஒன்று உண்டு. பூட்டிவிட்டால் உள்ளே இருக்கும் சமன்பாட்டை யாரும் பார்க்க முடியாது. ஆனால் பூட்டுக்கு வெளியே ஒரு சின்னத் திண்ணை மாதிரி கொஞ்சம் இடம். எட்டே எட்டு எழுத்து எழுதலாம், அதை யார் வேண்டுமானாலும் படிக்கலாம். தேதி எழுதுவார்கள், வரிசை எண் எழுதுவார்கள். முதல் சிப்பை எழுதின அன்றைக்கு, வரைபடத்தில் வடிவமைத்தவர் கட்டத்தில் நீங்கள் உங்கள் பேரை எழுதுவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வாயைத் திறக்கவில்லை. அன்று எனக்கு அவ்வளவு தைரியம் கிடையாது. அந்த எட்டு எழுத்தில் சொன்னேன். முந்நூறிலும் சொன்னேன். அதற்கு முந்திப் போனவற்றிலும்.

உங்கள் நிபுணர் போட்டுக் கொடுத்த காகிதத்தை எடுங்கள். கம்பெனி பேர் என்றாரே, அதைப் படியுங்கள். இங்கிலீஷ்காரன் மாதிரி படிக்காதீர்கள். நம் வீட்டுக் கதவுக்கு உள்ளே நின்றுகொண்டு படியுங்கள்.

பிறகு வக்கீலிடமும் படித்துக் காட்டுங்கள்.

மன்னிப்புக் கடிதம் கிடையாது.

(கையெழுத்து தேவையில்லை. எட்டு எழுத்தும் உங்களிடமே இருக்கிறது.)


8.3.2011

என்ன சொல்லிக் கூப்பிடுவது என்று தெரியவில்லை.

காகிதத்தை எடுத்தேன். என், ஏ, ஏ, என், டி, எச், ஏ, என். நாந்தன், நாந்தன் என்று நாலு தரம் படித்தேன். பிறகு நீ சொன்ன மாதிரி எழுந்துபோய் வாசற்கதவுக்கு உள்ளே நின்று படித்தேன்.

நான்தான்.

காகிதத்தின் பின்பக்கம் அதைத் தமிழில் எழுதிப் பார்த்தேன்.

அப்போதும் மனசு ஒப்பவில்லை, பார். ஒரு சிப்பில்தானே என்று நினைத்தேன். காலையில் நம் ஆபீஸ் லிஃப்டை நிறுத்தி சிப்பைக் கழற்றிப் படித்தேன். நான்தான். எதிர்க் கட்டடத்து லிஃப்டை நிறுத்தினேன். ஆறாவது மாடிக்காரர் மளிகைச் சாமானோடு கீழே நின்று, "எவ்வளவு நேரம்யா?" என்று கத்துகிறார். நான்தான். துணிக்கடை லிஃப்டிலும் நான்தான். அதற்கு மேல் திறக்கவில்லை. இந்த ஊரில் ஏறி இறங்குகிற ஒவ்வொரு பெட்டிக்குள்ளும் நீ இருபது வருஷமாகச் சொல்லிக்கொண்டே இருந்திருக்கிறாய். நான் அதில் ஏறி இறங்கிக்கொண்டே இருந்திருக்கிறேன்.

'எந்த நான்தான்?' என்று கேட்டுக் கேட்டுச் சிரித்தவன் நான். வெட்கமாக இருக்கிறது. வேறு வார்த்தை கிடைக்கவில்லை.

வக்கீலிடம் கேஸ் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். சங்கத்துக்கு எழுதிய கடிதத்தின் பிரதியை இதோடு வைத்திருக்கிறேன். வடிவமைத்தது என் மனைவி, நான் விற்றவன் மட்டும், கேடயத்தைத் திருப்பி அனுப்புகிறேன் என்று எழுதியிருக்கிறேன். உன் முழுப்பேரையும் எழுதினேன். முதல் எழுத்தில் பேனா கொஞ்சம் நின்றது. தலைவர் பதவிக்கு வேறு ஆளைப் பார்த்துக்கொள்வார்கள்.

நோட்டு வேண்டாம். நீ வந்துவிடு. இந்தக் கம்பெனி உன்னுடையது. நீ முதலாளியாக இரு, நான் கூடமாட ஒத்தாசை பண்ணிக்கொண்டு இருக்கிறேன்.

கதவைத் தட்டு. இந்தத் தடவை கேள்வி கேட்காமல் திறக்கிறேன்.

உன்
(எழுதத் தகுதி இருந்தால்) வீட்டுக்காரன்


20.3.2011

அன்புள்ள உங்களுக்கு,

'அன்புள்ள' என்று எழுதிவிட்டு அடிக்கலாமா என்று பார்த்தேன். அடிக்கவில்லை, இருக்கட்டும்.

சங்கத்துக்கு நீங்கள் எழுதிய கடிதத்தைப் படித்தேன். என் முழுப்பேரை உங்கள் கையெழுத்தில் பார்ப்பது இதுதான் முதல் தடவை. கல்யாணப் பத்திரிகையைக்கூட உங்கள் அண்ணன்தான் எழுதினார். அழுதேன், மறைப்பானேன். அழுதுவிட்டு முகம் கழுவிக்கொண்டு வேலைக்கு உட்கார்ந்தேன்.

நான் வரமாட்டேன்.

கம்பெனி உன்னுடையது என்கிறீர்கள். ஊரார் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே என்று பரிமாறுகிற கதை. என்னுடையதை எனக்கே தானம் செய்கிறீர்கள்! எனக்கு சைக்கிள் கடை மாடியிலேயே கம்பெனி இருக்கிறது. வாசலில் பலகை தொங்குகிறது, அதில் பேர் இருக்கிறது. கூடமாட ஒத்தாசைக்கும் ஆள் வேண்டாம். ஒத்தாசை என்று வந்தாலும், பற்றவைக்கத் தெரியவேண்டும். உங்கள் கையால் பற்றவைத்த போர்டை நான் பார்த்திருக்கிறேன்.

பச்சை நோட்டும் வராது. ஆனால் இந்தக் கடிதத்தோடு வருகிற பெட்டியைப் பிரியுங்கள். பழைய போர்டு இருந்த இடத்தில் அப்படியே உட்காரும் புதுப் போர்டு. புதுச் சிப்பில் எல்லாவற்றையும் முதலிலிருந்து எழுதினேன். பழைய இருபது கால் மாதிரி நானூறு உள்ளே அடங்கும். நாளைக்கு விதி மாறினால் சிப்பைக் கழற்றவே வேண்டாம், ஒரு வயரைச் செருகி மாற்றி எழுதலாம். இருநூற்றுச் சொச்சம் லிஃப்டுக்கும் இதுவே போதும். வேண்டுமென்றால் என் கம்பெனிக்கு முறையாக எழுதிக் கேளுங்கள். எல்லா வாடிக்கையாளரையும் போல வரிசையில் நில்லுங்கள்.

அதில் ஒரு வேடிக்கை. இந்தச் சிப்பிலும் குறிப்பு எழுத எட்டு இடம் இருக்கிறது. ஆனால் சைபரிலிருந்து ஒன்பது வரை, அதற்கு மேல் ஏ முதல் எஃப் வரைதான் எழுதலாம். என் கிடையாது, எச் கிடையாது. நான்தான் என்று எழுதவே முடியாது. வேறு வழி உண்டா என்று கையேட்டை இரண்டு தரம் புரட்டினேன். பிறகு எனக்கே சிரிப்பு வந்தது. இன்னும் எதற்கு உள்ளே ஒளித்து எழுதவேண்டும்?

போர்டின் மேலேயே பாருங்கள். பச்சை மேல் வெள்ளை மையில், தமிழில், முழுப்பேர். மெஷின் ரூம் கதவைத் திறந்ததும் தெரியும் அளவுக்குப் பெரிசாக. அச்சடித்தவர், "இவ்வளவு பெருசாவாம்மா?" என்று கேட்டார். இன்னும் கொஞ்சம் பெரிசாக்கச் சொன்னேன். அதன் மேல் ஸ்டிக்கர் ஒட்டினால் லிஃப்ட் ஓடாது என்று எழுத ஆசைதான். ஓடும். ஸ்ட்ரெச்சர் போகிற வழியில் நான் விளையாடமாட்டேன். ஆனால் ஸ்டிக்கரை உரிக்க நான் வருவேன். உங்களுக்குத்தான் ஸ்டிக்கர் ராசியே கிடையாதே.

ஆபீஸ் லிஃப்டில் சிப்பைத் திரும்பப் போட்டீர்களா? முழங்காலை வைத்துக்கொண்டு படியேறாதீர்கள்.

நீங்கள் வருவீர்கள் என்று மகள் சொல்கிறாள். "அப்பா சட்டைக்கு இஸ்திரி போட்டுட்டிருக்கார்மா" என்றாள். வராதீர்கள் என்று சொல்லமாட்டேன், சைக்கிள் கடைக்கு யார் வேண்டுமானாலும் வரலாம். மாடிப்படி பதினாறு, லிஃப்ட் கிடையாது. மேலே வந்து கதவைத் தட்டினால் "யாரு?" என்று கேட்பேன்.

'நான்தான்' என்று சொல்லாதீர்கள். அது என் பேர். உங்கள் பேரைச் சொல்லுங்கள். திறப்பதா வேண்டாமா என்று அதற்குப் பிறகு நான் யோசிக்கிறேன்.

இப்படிக்கு,
நான்தான்